மெஷின் பாலிஷர் காரின் பெயிண்டை என்ன செய்கிறது?

கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பானெட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல, எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடுபவை. வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. தூசி படிந்த காரைத் தினமும் காலையில் உலர்ந்த துணியால் துடைப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இந்தக் கீறல்கள் இருப்பது கிளியர் கோட்டில், அதாவது நிறத்துக்கு மேலே உள்ள கண்ணாடி போன்ற பூச்சில். பிரைமர் எனும் அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து எடுத்துச் சமப்படுத்துகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் இதே பூச்சில்தான் கலந்திருக்கிறது, எனவே போனது போனதுதான். நகத்தை ஓட்டினால் மாட்டுகிற அளவுக்கு ஆழமான கீறலைப் பாலிஷரால் எடுக்கப் பார்க்காதீர்கள்.

சரி, மெஷினுக்கு வருவோம். ரோட்டரி பாலிஷரில் பேட், அதாவது பெயிண்டைத் தேய்க்கும் மெத்தை போன்ற வட்டு, ஓர் அச்சில் நேராகச் சுழலும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால், 5 அங்குல பேட்டின் விளிம்பு நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் பெயிண்டைத் தேய்க்கும், நடுப்புள்ளியோ கிட்டத்தட்ட அசையாது. சற்றுச் சாய்த்துப் பிடித்தாலும் விளிம்புக்கு அடியில் சூடு ஏறிவிடும். பழகிய கை அதைச் சமாளிக்கும். புதிதாக வாங்குபவருக்கு என் சிபாரிசு டூயல் ஆக்‌ஷன்தான்.

டூயல் ஆக்‌ஷனில் பேட்டின் அச்சு மோட்டாரின் அச்சிலிருந்து சற்று விலகியிருக்கும். பாத்திரம் தேய்க்கும்போது உள்ளங்கை திரும்பாமலே கை சின்னச் சின்ன வட்டமாகப் போகிறதல்லவா, அதே அசைவு. கையின் எல்லாப் பகுதியும் ஒரே அளவு வட்டம் போடும். 15 மி.மீ. வீச்சுள்ள (அந்தச் சின்ன வட்டத்தின் விட்டம்) மெஷின் நிமிடத்துக்கு 4500 முறை வட்டமடித்தால், இந்த அசைவில் பேட்டின் நடுவும் விளிம்பும் ஒரே வேகத்தில், நொடிக்குச் சுமார் 3.5 மீட்டரில் நகர்கின்றன. சூடு ஓரிடத்தில் குவிவதில்லை.

இதோடு பேட் தன்னைத்தானே மெதுவாகச் சுழலவும் செய்யும். அந்தச் சுழற்சிக்குப் பல்சக்கரம் எதுவும் இல்லை, பேரிங்கின் உரசலும் அசைவின் வேகமும் இழுத்துக்கொண்டு போவதுதான். (கியர் வைத்துக் கட்டாயமாகச் சுழற்றும் வகையும் உண்டு, அதன் சுபாவம் வேறு.) அதனால் நீங்கள் அழுத்தி அமுக்கினாலோ வளைவில் ஒருபக்கமாகச் சாய்த்தாலோ சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். வாங்கியவர்கள் பலர் இதை மெஷினின் பலவீனம் என்று குறைப்படுவார்கள். எனக்கு அது பாதுகாப்பு வால்வாகவே படுகிறது, பெயிண்டை எரிப்பதற்கு முன் மெஷின் வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. பேட் பொருந்தும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி.

தொடங்கும் முன் காரை நன்றாகக் கழுவி, கையில் சொரசொரப்பாகத் தட்டுப்படும் அழுக்கைக் கிளே பார் எனும் களிமண் போன்ற கட்டியால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அதையே பேட் இழுத்துக்கொண்டு போய்ப் புதுக் கீறல் போடும். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பூச்சு மெல்லியது, டேப் ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பர் இரும்பைப்போல் சூட்டைக் கடத்தாது, அங்கே அதிக நேரம் நிற்கக் கூடாது. வேலை நிழலில் நடக்கட்டும், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

முதலில் ஓரடி, ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும் சோதியுங்கள். மென்மையான பேட், லேசான பாலிஷ். அதில் கீறல் போகவில்லையென்றால்தான் கடினமான பேட், அப்புறம் காம்பவுண்ட் எனும் அதிகம் அறுக்கும் பாலிஷ். பேட்டில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு போதும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டிக் கையை மட்டும் மெதுவாக, நொடிக்கு ஓர் அங்குலம் போல நகர்த்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பாதி மூட வேண்டும். முதலில் நெடுக்கில், அடுத்துக் குறுக்கில் என நான்கு முறை. பாலிஷிலுள்ள அலுமினியம் ஆக்சைடு துகள்தான் அறுக்கும் வேலையைச் செய்கிறது. பல பாலிஷ்களில் அது தேயத் தேய நுணுகி, கடைசிச் சுற்றில் பளபளப்பைத் தரும். ஒரு சதுரம் முடிந்ததும் பேட்டைப் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். தேய்ந்த பெயிண்டும் காய்ந்த பாலிஷும் அடைத்த பேட் வெட்டாது, சூடுதான் ஏற்றும்.

பேட்டில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்திவிட்டு யோசியுங்கள். கிளியர் கோட்டே இல்லாத ஒற்றைப் பூச்சுக் காரில் அது இயல்பு. மற்ற கார்களில் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பாலிஷில் மருந்து இல்லை, பெயிண்ட் அடிப்பவரிடம்தான் போக வேண்டும்.

துடைத்ததும் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பாலிஷிலுள்ள எண்ணெய் சின்னக் கீறல்களை மூடி மறைத்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் நிஜமான பெயிண்ட். அதில் திருப்தி என்றால் பாதுகாப்புப் பூச்சாக வாக்ஸோ சீலண்டோ பூசலாம்.