ஒரே குழியில் இரண்டு மூச்சு

இங்கிலாந்தின் வடகிழக்கே, நார்தம்பர்லாந்தில் நியூ ஹார்ட்லி என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த ஹெஸ்டர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வாசல் ஒன்றே ஒன்றுதான்: கிணறு மாதிரி செங்குத்தாக இறங்கும் ஒரு குழி. ஆட்கள், கரி, பம்ப்புக் குழாய், மூச்சுக்காற்று எல்லாமே அதன் வழியாகத்தான்.

சரி, ஒரே குழியில் நல்ல காற்று இறங்கி, கெட்ட காற்று ஏறுவது எப்படி? குழியை இரண்டாகப் பிரித்து மேலிருந்து அடிவரை பலகை அடித்திருந்தார்கள். அடியில் ஓர் உலை எரியும். சூடான காற்று லேசாகி, அடுப்புப் புகை கூண்டில் ஏறுவதுபோல ஒரு பக்கமாகக் கிளம்பும். அது விட்ட இடத்துக்கு மறுபக்கம் வெளிக்காற்று இறங்கும். சுரங்கப் பாதைகளைச் சுற்றிவிட்டு உலைக்கு வரும். விசிறியே இல்லாமல் இத்தனையும் நடந்தது. ஆனால் எல்லாரின் உயிரும் அந்தப் பலகையை நம்பி இருந்தது.

குழிக்கு மேலே தண்ணீர் இறைக்கும் நீராவி எஞ்சின். அதன் உத்தரம் 40 டன்னுக்கும் மேல் எடையுள்ள வார்ப்பிரும்பு. ஏற்றமரம்போல ஓயாமல் ஆடும். வார்ப்பிரும்பு அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஒவ்வோர் ஆட்டத்திலும் உத்தரத்தின் மேல்விளிம்பு இழுபட்டுக்கொண்டே இருந்தது.

1862 ஜனவரி 16 காலை அது முறிந்தது. ஷிப்ட் மாறும் நேரம். இரண்டு ஷிப்ட் ஆட்களும் உள்ளே. ஏறக்குறைய 20 டன் இரும்பு குழிக்குள் விழுந்து, பலகையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு அப்போது மேலேறிக்கொண்டிருந்தது. அதில் 8 பேர். அவர்களில் 5 பேர் இறந்தார்கள். மரமும் கல்லும் சரிந்து குழியை அடைத்துவிட்டன.

கீழே இருந்தவர்களைக் கொன்றது விழுந்த கல் அல்ல. காற்றோட்டம் நின்றது, அவ்வளவுதான். கரி அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். சுவாசம் ஓடிக்கொண்டே இருக்கும், உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம். ஆறு நாள் கழித்து வழி திறந்தபோது, வரிசையாக உட்கார்ந்தும் படுத்தும் உறங்குபவர்களைப்போல இருந்தார்கள். கூண்டில் இறந்த 5 பேரையும் சேர்த்து, இறந்தவர்கள் மொத்தம் 204 பேர், பலர் சிறுவர்கள்.

இன்னொரு குழி இருந்திருந்தால் அவர்கள் அதன் வழியாக வெளியே வந்திருக்கலாம். செலவைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் ஒரே குழியோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு ஆறாத விஷயம் அது. அதே ஆண்டில் சட்டம் வந்தது: இனி ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரண்டு வழி வேண்டும், நடுவே பலகை அல்ல, 10 அடி இயற்கை நிலம் இருக்க வேண்டும்.