நாலு நிமிடம் போதுமா?

ஜூலை வந்தால் எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு பிந்தித்தான் நடக்கும். பிரான்சில் பின்னேரம் ஐந்தரைக்கு முடிகிற பந்தயம் கொழும்பில் இரவு ஒன்பதுக்கு முடியும். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நாளுக்கு ஒன்றாக மொத்தம் 21 கட்டங்கள், சுமார் 3,400 கிலோமீற்றர், இடையில் இரண்டே இரண்டு ஓய்வு நாட்கள். மச்சானும் நானும் ஒவ்வொரு கட்டமும் தொடங்குவதற்கு முன் வெல்பவரின் பெயரை ஒரு துண்டில் எழுதி மடித்து வைப்போம். தோற்றவர் வெள்ளவத்தையில் கொத்து ரொட்டி வாங்கித் தரவேண்டும்.

மச்சான் கிரிக்கெட் ஆள். முதல் வருடம் ஒரு சமதளக் கட்டத்தில் ஐந்து பேர் காலையிலேயே பிரிந்து முன்னுக்குப் போய்விட்டார்கள். முடிய 60 கிலோமீற்றர் இருக்கையில் அவர்களுக்கும் பின்னால் வருகிற பெருங்கூட்டத்துக்கும் நாலு நிமிட இடைவெளி.

"நாலு நிமிசம் முன்னால நிக்கிறாங்கள் மச்சான். இனி எப்பிடிப் பிடிக்கிறது?"

பிடித்தார்கள். கடைசி ஐந்து கிலோமீற்றருக்குள், அவசரமே இல்லாமல்.

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ரொபேர் ஷபாத் என்ற பிரெஞ்சு வர்ணனையாளர் சொன்னது: தனியாக முன்னால் போகிறவரிடமிருந்து பெருங்கூட்டம் பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு நிமிடம் பறித்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஷபாத் தேற்றம்' என்பார்கள். தேற்றம் என்பது கொஞ்சம் பெரிய சொல்தான், ஆனால் கணக்கு சரியாகவே வருகிறது. முன்னால் போகிறவர்கள் மணிக்கு 43 கிலோமீற்றர், துரத்துகிறவர்கள் 47 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோமீற்றரைக் கடக்க முன்னவர்களுக்கு கிட்டத்தட்ட 14 நிமிடம், பின்னவர்களுக்கு 12 நிமிடம் 46 செக்கன். வித்தியாசம் 70 செக்கன் சொச்சம். 60 கிலோமீற்றரில் நாலு நிமிடம் எங்கே போதும்?

சரி, அந்த நாலு கிலோமீற்றர் வேகம் பின்னால் வருகிறவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது? அவர்களும் மனிதக் கால்களால்தானே மிதிக்கிறார்கள்?

காற்றுத்தான் காரணம். சமதளத்தில் மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் தனியாகப் போகிற ஒருவர் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும், அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடும். 40இலிருந்து 44க்குப் போவது வேகத்தில் பத்து வீதம்தான், ஆனால் காற்றுக்குக் கொடுக்கவேண்டிய வலு 33 வீதம் ஏறிவிடும். இதற்குப் பந்தயச் சைக்கிள் தேவையில்லை. என் பழைய லுமாலா சைக்கிளில் காலி வீதியில் ஒரு ஓட்டோவுக்குப் பின்னால் சும்மா ஒட்டிக்கொண்டு போனாலே தெரிந்துவிடும். ஓட்டோ விலகிய அந்தக் கணத்தில் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும்.

பெருங்கூட்டத்தை பெலோட்டான் என்பார்கள். அதன் நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு மிச்சம் என்பதை 2018இல் பேர்ட் பிளொக்கன் என்ற ஆய்வாளரின் குழு அளந்தது. 121 ஓட்டக்காரர்களைக் கணினியில் கணக்கிட்டார்கள், நாலில் ஒரு பங்கு அளவுப் பொம்மைகளைக் காற்றுச் சுரங்கத்திலும் நிறுத்திப் பார்த்தார்கள். கூட்டத்தின் நன்கு மூடப்பட்ட இடங்களில் தடை, தனியாக ஓடுகிறவருக்கு இருப்பதில் வெறும் 5 முதல் 10 வீதம். கூட்டம் மணிக்கு 54இல் பறந்துகொண்டிருக்கும்போது உள்ளே இருப்பவருக்கு அது தனியாக 12, 15 கிலோமீற்றரில் போவதைப் போல. அதாவது நான் பால் வாங்கப் போகிற வேகம்.

ஆக, முன்னால் போன ஐந்து பேரும் மாறி மாறிக் காற்றைத் தின்கிறார்கள். பின்னால் 150 பேர் இளைப்பாறிக்கொண்டு வருகிறார்கள், முகப்பில் நாலைந்து பேர் மட்டும் முறைவைத்து இழுக்கிறார்கள். வேண்டுமென்றேதான் கடைசிவரை பிடிக்காமல் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் பிடித்தால் புதிதாக இன்னும் நாலு பேர் பாய்வார்கள், பிறகு அவர்களையும் துரத்தவேண்டும்.

காற்று பக்கவாட்டில் அடித்தால் கதையே மாறிவிடும். ஜூலையில் மரைன் டிரைவில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். தென்மேல் பருவக்காற்று தண்டவாளத்துக்கு அப்பால் கடலிலிருந்து இடது பக்கமாக வந்து அறையும். அப்போது ஒதுங்குவதற்கு நல்ல இடம் முன்னால் போகிறவரின் நேர் பின்புறம் அல்ல, அவருக்கு வலது பின்புறம். அவருக்குப் பின்னால் வருகிறவர் இன்னும் கொஞ்சம் வலதில். இப்படி விசிறிபோலச் சாய்வாக ஒரு வரிசை விரியும். (இங்கே செய்து பார்க்கவேண்டாம், வலது பக்கத்தால் வாகனம் வரும்.) ஆனால் வீதியின் அகலம் முடிகிற இடத்தில் வரிசையும் முடிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையாக, ஒதுக்கிடமே இல்லாமல் தொங்குவார்கள். ஒருவர் களைத்து ஒரு மீற்றர் விட்டுவிட்டால் போதும், அவருக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் போனதுதான்.

2013ஆம் ஆண்டு 13ஆம் கட்டம் ஒரு தட்டையான கட்டம், ஒரு மலைகூடக் கிடையாது. எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிய மொத்தக் கணக்கில் இரண்டாம் இடத்தில் இருந்த வல்வேர்டே சில்லுப் பிரச்சினையால் பின்தங்கி, பக்கக் காற்றில் கூட்டத்தைத் திரும்பப் பிடிக்கமுடியாமல் பத்து நிமிடமளவு இழந்தார். அந்தக் கணக்கில் முதலிடத்தவர் அணிகிற மஞ்சள் சட்டையில் இருந்த ஃபுரூம்கூட, போட்டியாளர் கொன்டடோரின் அணியிடம் ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுத்தார். இப்போதெல்லாம் கட்டத்தின் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் நான் அந்த ஊரின் காற்றைத்தான் பார்ப்பேன்.

மலையில் கணக்கு வேறு. அல்ப் டி'உவேஸ் ஏற்றம் 13.8 கிலோமீற்றர், சராசரிச் சரிவு 8.1 வீதம். 65 கிலோ ஆள் கிலோவுக்கு 6 வாட் வீதம், அதாவது 390 வாட் கொடுத்தால் ஏறக்குறைய 40 நிமிடத்தில் மேலே நிற்பார். ஐந்து சீலிங் ஃபேனைச் சுழற்றுகிற வலு அது, நாற்பது நிமிடமும் விடாமல். மணிக்கு 20, 21 கிலோமீற்றர்தான் வேகம் என்பதால் காற்று பெரிய விடயமில்லை. வலுவில் பெரும்பங்கு உடம்பையும் சைக்கிளையும் தூக்குவதற்கே போகிறது. அதே வேகத்துக்கு 80 கிலோ ஸ்பிரிண்டர், அதாவது சமதளக் கட்டங்களின் முடிவில் பாய்ந்து வெல்கிறவர், 480 வாட் மட்டில் கொடுக்கவேண்டும். சமதளத்தில் அவரைக் காப்பாற்றிய கூட்டம் இங்கே உதவாது. மலைக் கட்டத்துக்கு ஸ்பிரிண்டர் பெயரை எழுதுகிறவர் கொத்து ரொட்டிக்குக் காசை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு தெரிந்தும் நான் அடிக்கடி தோற்பது நடுத்தரமான, மேடு பள்ளமான கட்டங்களில். அங்கே கேள்வி 'பிடிக்க முடியுமா' என்பதல்ல, 'யாருக்குப் பிடிக்கவேண்டியிருக்கிறது' என்பது. முன்னால் போனவர்கள் மொத்தக் கணக்கில் ஒரு மணி நேரம் பின்தங்கியவர்கள் என்றால் மஞ்சள் சட்டை அணி ஏன் கால்களை வீணாக்கப் போகிறது? ஸ்பிரிண்டர்களின் அணிகளோ, மேடுகளில் தங்கள் ஆள் தாக்குப்பிடிக்கமாட்டார் என்று கைவிட்டிருக்கும். அப்படி ஒரு நாள் நான் தேற்றத்தை நம்பி மடித்து வைத்தேன். பெலோட்டான் பேசிச் சிரித்துக்கொண்டு கால் மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தது.

அந்த வகையில் தனிநபர் நேர ஓட்டம்தான் சுலபமாக இருக்கவேண்டும். ஒவ்வொருவராகப் புறப்படுவார்கள். யாருக்குப் பின்னாலும் ஒதுங்க முடியாது, துரத்துவதா விடுவதா என்ற பேரம் இல்லை. வலு, எடை, காற்றுத் தடை, அவ்வளவுதான். கொரோனாவால் ஓகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பருக்குமாகத் தள்ளிப்போன 2020 டூரில் கடைசிக்கு முந்தின நாள் அப்படி ஒரு 36 கிலோமீற்றர் ஓட்டம், முடிவில் மலையேற்றம். ரொக்லிச் 57 செக்கன் முன்னிலையில் இருந்தார், நேர ஓட்டத்தில் கைதேர்ந்தவர். 22 வயதுகூட நிரம்பாத பொகாச்சார் அன்று அவரிடமிருந்து ஒரு நிமிடம் 56 செக்கனைப் பறித்து, 59 செக்கன் முன்னிலையோடு டூரையே எடுத்துக்கொண்டார்.

துண்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டிலும் ரொக்லிச்தான். இரண்டு பேருமே தோற்றால் யார் காசு கொடுப்பது என்று நாங்கள் ஒரு விதியும் வைத்திருக்கவில்லை. அன்று இரவு வீட்டில் இருந்த பாணையும் பருப்பையும் சாப்பிட்டோம்.