பாதைக்கு வெளிச்சம், கண்ணுக்கு நிழல்

பெங்களூரு பி.வி.கே. ஐயங்கார் சாலையின் விளக்குக் கடைகளில் தோட்டத்துப் பாதைக்கு விளக்கு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி "எத்தனை வாட்?" என்பதுதான். பதில் தெரியாமல் விழித்தால், பகல் போல எரியும் என்ற உத்தரவாதத்துடன் 30 வாட் ஃப்ளட் விளக்கு ஒன்று மேசைக்கு வந்துவிடும். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் கணக்கு. விளக்கு தரும் ஒளியை லூமனில் அளக்க வேண்டும்; அந்த ஒளி தரையில் எவ்வளவு விழுகிறது என்பதை லக்ஸில் அளக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ்.

உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். மேகமில்லாத பௌர்ணமி இரவில் தரைக்கு வந்து சேர்வது கால் லக்ஸ் அளவுதான். அந்தக் கால் லக்ஸில்தான் மொட்டைமாடியில் நிலாச்சோறு உருட்டித் தந்தார்கள். யாரும் வாய்க்குப் பதிலாக மூக்கில் ஊட்டிக்கொள்ளவில்லை. சாலை விளக்குகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 13201, நடந்துபோகும் வழிகளுக்குச் சராசரியாக 2 முதல் 15 லக்ஸ் வரை வகை பிரித்திருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு 5 லக்ஸ் தாராளம்.

காக்ஸ் டவுனிலோ ஃபிரேசர் டவுனிலோ மிச்சமிருக்கும் பழைய தமிழ்க் குடும்பத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்டிலிருந்து வாசல்படி வரை 10 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் பாதை. 10 சதுர மீட்டருக்கு 5 லக்ஸ் வீதம் மொத்தம் 50 லூமன் போதும். முக்கால் பங்கு ஒளி செடியிலும் மண்ணிலும் வீணாகிறது என்று வைத்தால்கூட 200 லூமன். நம் வீட்டுக் கூடத்தில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றே ஏறத்தாழ 900 லூமன் தருகிறது. அந்த 30 வாட் விளக்கு எதற்கு என்று இப்போது கேட்கத் தோன்றும்.

வெளிச்சம் கூடினால் நல்லதுதானே, குறையென்ன என்று வாதிடலாம். குறை கண்ணுக்குள் இருக்கிறது. விழித்திரையில் பகலுக்கும் நிறத்துக்கும் வேலை செய்யும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். மங்கிய ஒளிக்கான கோல் செல்கள் சுமார் 12 கோடி. கோல் செல்களில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி, பிரகாசமான ஒளி பட்டவுடன் வெளுத்துவிடும். அது மீண்டும் ஊறி முழுத் திறனுக்கு வர அரை மணி நேரம்கூட ஆகலாம். ஃப்ளட் விளக்கை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டு அதன் எல்லைக்கு வெளியே காலெடுத்து வைப்பவர், கொஞ்ச நேரத்துக்குப் பாதிக் குருடர்.

இதைவிடப் பெரிய தொல்லை கண்கூச்சம். கண்ணுக்குள் நுழையும் ஒளி முழுவதும் ஒழுங்காகக் குவிவதில்லை. விழிவில்லையிலும் கருவிழியிலும் ஒரு பகுதி சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய வெண்திரையாகப் படர்கிறது. தூசி படிந்த கார்க் கண்ணாடியில் எதிர்வண்டியின் ஹெட்லைட் அடிக்கும்போது சாலை மறைவது போலத்தான் இதுவும். பாதையில் கிடக்கும் கல் அங்கேயேதான் இருக்கிறது, அதன்மேல் விழும் வெளிச்சமும் குறையவில்லை, ஆனாலும் தெரியாது. 1920களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இந்தத் திரையை அளந்து ஒரு விதி கண்டார்கள்: பார்வைக் கோட்டுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள கோணத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் திரை அடர்த்தியாகிறது. கோணம் 20 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் குறைந்தால், கூச்சம் நான்கு மடங்கு.

வயதானவர்களுக்கு இது இன்னும் மோசம். கண்பாவை சுருங்கி, விழிவில்லை மஞ்சளாவதால், 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. வில்லையில் சிதறலும் அதிகம். ஆகவே அவர்களுக்குத் தரையில் வெளிச்சம் கூடுதலாகவும் வேண்டும், கண்ணில் விளக்கு படவும் கூடாது. விளக்கைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் வீட்டின் ஐ.டி. மகன், அந்த வெளிச்சத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பூக்கூடையுடன் பவழமல்லி மரத்தடிக்குப் போகிறவர் அம்மா. மகனுக்கு நன்றாகத் தெரிகிறது என்பது இங்கே சாட்சியமே ஆகாது.

பாதையின் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் வெளிச்சம் விழுந்த தரை தெரிய வேண்டும், எல்இடி புள்ளி கண்ணில் படக் கூடாது. நான் வைக்கும் முதல் நிபந்தனை இது. விலையும் அழகும் பிறகு. தலையில் தொப்பி வைத்து ஒளியைக் கீழே மட்டும் தள்ளும் விளக்குகள் இதில் தேறும். கேட் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும் பால்நிறக் கோள விளக்கு தேறாது: அதன் ஒளியில் ஏறத்தாழப் பாதி வானத்துக்குப் போகிறது, மீதியில் பெரும்பங்கு கண்ணுக்கு வருகிறது.

அடுத்தது உயரம். முழங்கால் உயர விளக்குகள் அழகாக இருக்கும், ஆனால் அவற்றின் கணக்கு கொடுமையானது. தரையிலிருந்து அரை மீட்டரில் ஒரு சிறு விளக்கு எல்லாத் திசையிலும் சமமாக ஒளியை விடுவதாக வைத்துக்கொள்வோம். தூரம் கூடக் கூட, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஒளி குறையும். சாய்வாக விழுவதால் மேலும் பரவி மெலியும். இரண்டையும் சேர்த்தால், விளக்கின் நேர் அடியில் உள்ள வெளிச்சத்தில் 11-இல் ஒரு பங்குதான் ஒரு மீட்டர் தள்ளிக் கிடைக்கும்; இரண்டு மீட்டர் தள்ளி 70-இல் ஒரு பங்கு. அடியில் கண்கூசும் வட்டம், பக்கத்தில் குழி போல இருட்டு. அதே விளக்கை 3 மீட்டர் உயரத்தில் கட்டினால், இரண்டு மீட்டர் தள்ளியும் பாதிக்கு மேல் கிடைக்கிறது. ஆனால் அவ்வளவு உயரத்தில் தொங்குவது பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கும் தெரியும், அதனால் வரும் பேச்சையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நடுவழி, கடைக்காரர்கள் பொல்லார்டு என்று சொல்லும் குட்டைத் தூண் விளக்கு. முக்கால் மீட்டர் உயரத் தூண்களை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நட்டால், இரண்டு தூண்களுக்கு நடுவே விழும் வெளிச்சம் தூணடி வெளிச்சத்தில் 40 சதவீதம் இருக்கும். கண் இந்த ஏற்றத்தாழ்வைப் பொருட்படுத்தாது. ஒளியைப் பக்கவாட்டில் வீசும் வில்லையோ தகடோ உள்ள தூணாக இருந்தால் இடைவெளியை இன்னும் நீட்டலாம். பாதையின் ஒரே பக்கம் நடுங்கள். இரு பக்கமும் எதிரெதிரே நட்டால் விமான ஓடுபாதை ஆகிவிடும்.

ஒரே பக்கம் நடுவதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. மேடு பள்ளத்தைக் கண் நிழலைக் கொண்டுதான் அறிகிறது. பக்கத்திலிருந்து தாழ்வாக வரும் ஒளி, சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் தரும். நடப்பவரின் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும் விளக்கில் அவருடைய நிழலே பாதையை மூடிவிடும். படிக்கட்டில் இது உயிர்நாடி: மிதிக்கும் பரப்பு வெளிச்சமாகவும் அதன் செங்குத்து முகம் இருட்டாகவும் இருந்தால், அல்லது நேர்மாறாக இருந்தால், விளிம்பு தெரியும். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால், எத்தனை லக்ஸ் கொடுத்தாலும் படி ஒரு சாய்தளம் போலத் தோன்றும். பெங்களூருவில் பலர் பதிக்கும் சாம்பல் வெள்ளைச் சதரஹள்ளிக் கல் காய்ந்திருக்கும்போது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறச் செய்து உதவுகிறது. நனைந்தால் நிலைமை மாறும். மேலே படிந்த நீர்ப்படலம் ஒளியைக் கல்லுக்குள்ளேயே திருப்பி அனுப்புவதால் கல் கறுக்கும். விளக்கின் பிம்பம் மட்டும் பளிச்சிடும். மெருகேற்றாத சொரசொரப்பான கல்லில் இந்தப் பிம்பத் தொல்லை குறைவு.

இனி நிறம். வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல எல்இடி. அந்த நீலத்தைக் கண்டவர்களான அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலச் சில்லின் மேல் பூசிய பாஸ்பர், நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, கலவை வெண்மையாகத் தெரிகிறது. பாஸ்பரைத் தாண்டி நீலம் எவ்வளவு தப்பி வருகிறது என்பதைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கெல்வின் எண் காட்டிக்கொடுக்கும்: 6500 என்றால் நீலம் மிகுதி, 2700 என்றால் குறைவு. 6500 கெல்வின் பளிச்சென்று தெரியும் என்று கடைக்காரர் சொல்வதிலும் உண்மை உண்டு. பகலில் நம் கண் 555 நானோமீட்டர் மஞ்சள்பச்சைக்கு அதிகம் மயங்கும். இருட்டில் கோல் செல்களின் உச்சம் 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலப்பச்சைக்கு நகர்ந்துவிடும். ஆனால் கண்ணை உறுத்துவதும் அதே நீலம்தான். நான் 2700-க்கு மேல் போகமாட்டேன்.

பூச்சிகள் காரணமாகவும்தான். பெரும்பாலான இரவுப் பூச்சிகளின் கண்கள் புறஊதாவுக்கும் நீலத்துக்கும் கூர்மையானவை. அவை விளக்கைச் சுற்றுவது ஏன் என்பதற்கு 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு புதிய விளக்கம் தந்தது. பறக்கும் பூச்சி எப்போதும் முதுகைப் பிரகாசமான பக்கம் திருப்பிக்கொள்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தப் பக்கம் வானம்தான். விளக்கை வானம் என்று எண்ணி முதுகைத் திருப்புவதால் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்கு கீழேயிருந்து மேல் நோக்கி எரிந்தால் தலைகீழாகக் கவிழ்ந்து விழுகிறது. மரத்தடியில் மண்ணில் பதித்து மேலே அடிக்கும் விளக்குகளை நான் வெறுப்பதற்கு இது போதும். முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் மாலைகளில், வாசலில் 6500 கெல்வின் எரியும் வீட்டை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

செவ்வந்திக்கு மஞ்சள் ஒளியும் உதவாது. அது இரவு நீண்டால்தான் பூக்கும் செடி. இரவின் நீளத்தை அளக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளிக்கே அதிகம் அசைகிறது. வணிகமாக வளர்ப்பவர்கள் இரவில் விளக்கெரித்துப் பூப்பதைத் தள்ளிப்போடுவது இதை வைத்துத்தான். தொட்டியை விளக்கு படாத மூலைக்கு நகர்த்துவதுதான் வழி.

பெங்களூருவின் ஏப்ரல், மே மாத மாலை மழை விளக்குகளுக்கு ஒரு சோதனை. விளக்கு தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் குறியீடு ஐபி. ஐபி65 என்றால் தூசி புகாது, பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனாலும் ஐபி65 விளக்குக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எரிந்து சூடான விளக்கின் உள்காற்று 60 டிகிரியில் இருக்கும்போது மழை கொட்டி 25 டிகிரிக்கு இறங்கினால், உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஒரு மீட்டர் நீரை உறிஞ்சும் அளவு இழுப்பு அது. வயர் நுழையும் துளை வழியாகவும், வயரின் செப்பு இழைகளுக்கு இடையிலும் நீர் ஏறிவிடும். காற்றை மட்டும் விடும் சவ்வுத் துளை உள்ள விளக்கு கிடைத்தால் வாங்குங்கள். வயர் இணைப்பைத் தரைக்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

மண்வெட்டி விழும் இடத்தில் 230 வோல்ட் வயரைப் புதைப்பதைவிடத் தாழ்ந்த மின்னழுத்தம் பாதுகாப்பானது. 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? 36 வாட் மொத்தச் சுமை, 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், 20 மீட்டர் தூரம் என்றால், 12 வோல்ட்டில் கடைசி விளக்கை அடைவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட், அதாவது சுமார் 12 சதவீதம், வழியிலேயே கரைந்துவிடலாம். 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாவதால் இழப்பு 3 சதவீதம்தான். 1902-இல் சிவனசமுத்திரத்துக் காவிரி மின்சாரத்தை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்குப் பல்லாயிரம் வோல்ட்டில் அனுப்பியதும் இதே கணக்கில்தான். 230 வோல்ட்தான் என்றால், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இணைக்க வேண்டாம்.

மண்ணில் குத்தும் சூரியசக்திக் குச்சி விளக்குகள் மரநிழலில் உதவாது. அவ்வளவுதான் அவற்றைப் பற்றி.

ஆள் வந்தால் எரியும் பிஐஆர் உணரி, உடல் வெப்பம் விடும் 9, 10 மைக்ரோமீட்டர் அகச்சிவப்புக் கதிரில் ஏற்படும் மாற்றத்தைக் கவனிக்கிறது. சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் வேறுபாடு அதிகம் என்பதால் பெங்களூரு இரவுகளில் அது நன்றாகவே வேலை செய்யும். நேரே எதிரில் வருபவரைவிடக் குறுக்கே போகிறவரை எளிதில் பிடிக்கும். ஆகவே பாதையின் முனையில் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பூனை வந்தால் எரியும், பாம்பு வந்தால் எரியாது. பாம்பின் உடல் கிட்டத்தட்டத் தரையின் வெப்பநிலையிலேயே இருப்பதால் உணரிக்கு அது தெரிவதில்லை. ஈசலைத் தின்னத் தேரைகள் கூடும் மழைக்காலத்தில், அவற்றைத் தேடிப் பாம்பும் வரலாம். அப்படிப்பட்ட தோட்டத்தில் ஒன்றிரண்டு லக்ஸ் எப்போதும் எரியவிட்டு, உணரியைக் கூடுதல் வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.