கேப்ஸ் லாக் விளக்கின் நாடித்துடிப்பு

கணினி உறைந்துவிட்டது. சுட்டி அசையவில்லை. மின்சாரத்தை நிறுத்தும் முன், கேப்ஸ் லாக் விசையை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாம். அசைவே இல்லையென்றால் காத்திருப்பது பெரும்பாலும் வீண்.

இந்தச் சோதனை பலிப்பதற்குக் காரணம், விசைப்பலகையில் இருந்தாலும் அந்த விளக்கை ஏற்றுவது விசைப்பலகை அல்ல என்பதுதான். நாம் அழுத்தும்போது விசைக்குரிய எண் மட்டுமே கணினிக்குப் போகிறது. பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்று முடிவெடுப்பதும், விளக்கை ஏற்றச் சொல்வதும் இயங்குதளத்தின் வேலை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் விளக்கே கிடையாது. 1984-இல் ஐபிஎம்மின் அடுத்த மாடலான ஏடி கணினியுடன்தான் அது வந்தது. அந்த முறையில் கணினி முதலில் 237 என்ற எண்ணை அனுப்பும். விசைப்பலகை 250 என்று பதில் தரும், அதாவது 'கேட்டுக்கொண்டேன்'. அடுத்து 1 வந்தால் ஸ்க்ரோல் லாக், 2 என்றால் எண் விசைகளுக்கான நம் லாக் (Num Lock), 4 என்றால் கேப்ஸ் லாக். 7 வந்தால் மூன்றும் எரியும். இன்றைய யுஎஸ்பி விசைப்பலகையில் எண்கள் வேறு, ஏற்பாடு அதேதான்.

கட்டளை இயங்குதளத்தின் கையில் இருப்பதால் விளக்கை வேறு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மீள முடியாத பிழையில் விழுந்தால், யுஎஸ்பிக்கு முந்தைய பிஎஸ்/2 வகை விசைப்பலகையின் விளக்குகளை விடாமல் சிமிட்ட வைக்கும். திரை இருண்டிருந்தாலும் சேதி வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது லினக்ஸில் உள்ள 'இதயத்துடிப்பு' என்ற ஏற்பாடு. யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் விளக்குக்கு இதைவிட நல்ல பிழைப்பு கிடையாது. லப்-டப் என்று இரண்டு மின்னல், ஒவ்வொன்றும் 70 மில்லிநொடி. பிறகு ஓர் இடைவெளி. கடந்த ஒரு நிமிடத்தின் சராசரிச் சுமையை, அதாவது ஓடிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் துடிப்பின் வேகம் மாறும். கணினி சும்மா இருந்தால் 1,260 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு. சுமை 1 ஆனால் 860, 5 ஆனால் 510. எவ்வளவு ஏறினாலும் 300-க்குக் கீழே போகாது.

என் வீட்டு மூலையில் திரையில்லாமல் ஒரு பழைய பெட்டி ஓடுகிறது. இரவு இரண்டு மணிக்கு அது கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கும். விழிப்பு வந்தால் படுத்தபடியே அதன் விளக்கைப் பார்ப்பேன். துடிப்பு மெதுவாகியிருந்தால் வேலை முடிந்துவிட்டது.