சொட்டு எண்ணெயும் சுற்றும் சக்கும்

வீட்டிலேயே சின்ன லேத் (இரும்பைச் சக் என்ற பிடியில் மாட்டிச் சுழற்றி வெட்டும் மிஷின்) போட்டுக் கடைசல் பழகுகிறவர்கள் அவ்வப்போது என் பட்டறைக்கு யோசனை கேட்டு வருவார்கள். முதல் கேள்வி, "அண்ணே, வெட்டும்போது என்ன ஆயில் விடலாம்?" பாதிப் பேர் கையில் பைக் சர்வீஸில் வடித்த பழைய எஞ்சின் ஆயில் இருக்கும்.

அது வேண்டவே வேண்டாம். எஞ்சினுக்குள் வெந்த எண்ணெயில் தோல் புற்றுநோயைத் தூண்டும் ரசாயனங்கள் சேர்ந்துவிடுகின்றன. இங்கிலாந்தில், லங்காஷயர் நூற்பாலைகளில், மினரல் ஆயிலில் ஊறிய உடுப்போடு வருஷக்கணக்கில் நின்ற தொழிலாளிகளுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட்டை (கழிவுத் துணி) பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்ளும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது இல்லை.

சரி, நல்ல கட்டிங் ஆயிலே வாங்கியாயிற்று. எப்போது விடுவது? 25 மி.மீ. எம்எஸ் (சாதா இரும்பு) ராடு, எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூல், நிமிஷத்துக்கு 350 சுற்று, லேசான வெட்டு என்றால் எண்ணெய் இல்லாமலும் ஓடும். நாலு சொட்டு விட்டால் டூல் நுனியில் இரும்பு ஒட்டாது, ஃபினிஷ் பளிச்சென்று வரும். மரை (ஸ்க்ரூ புரி) போடவும் பார்ட்டிங் போடவும் (துண்டாக அறுத்தெடுக்கவும்) கட்டாயம் வேண்டும். புகை கிளம்பினால் சுற்றைக் குறையுங்கள், எண்ணெயைக் கூட்டாதீர்கள். கார்பைடு டிப்பை (டூல் முனையில் வைக்கும் கடினமான வெட்டுத் துண்டு) உலர்வாகவே ஓட்டலாம். சுட்டுக் கிடக்கும்போது சொட்டுச் சொட்டாக விட்டால் விரிசல் விடும். வார்ப்பிரும்புக்கும் வேண்டாம், தூளோடு சேர்ந்து சேறாகிவிடும்.

தண்ணீரில் கலக்கும் கூலன்ட் (சூடு தணிக்கும் எண்ணெய்), ட்ரேயும் பம்பும் இல்லாத மிஷினுக்குச் சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு அடியில் துரு, டப்பாவில் நாற்றம்.

அப்புறம், பிரஷ். ஒருநாள் மரை போடும்போது பிரஷ்ஷை ஜாப்புக்கு (வெட்டுகிற இரும்புக்கு) மேலே பிடித்து எண்ணெய் தடவினேன். ஜாப் நம்மை நோக்கிக் கீழே சுற்றுகிறது. பிரஷ்ஷைப் பிடித்து டூலுக்கும் ஜாப்புக்கும் நடுவே இழுத்தது. பிரஷ்ஷை உடனே விட்டுவிட்டதால் ஒரு நகத்தோடு போயிற்று. பனியன் வேஸ்ட்டை விரலில் சுற்றியிருந்தால் விட நேரம் இருந்திருக்காது. கையுறையும் அப்படித்தான், எண்ணெய் படுகிறதே என்று மாட்டாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மண்ணெண்ணெயில் அல்ல.

இப்போது என் லேத்தில் தொங்குவது நீள மூக்கு வைத்த பிளாஸ்டிக் குப்பி. இருபது ரூபாய்.