அம்மா சாப்பிடாத மருந்தும் அதற்கு அசையாத கிருமியும்

"அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் காய்ச்சல். கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்று போட்டு, மெரோபெனத்துக்கு நேராக 'ஆர்' என்றிருந்தது. அந்த மருந்தை அம்மா வாழ்நாளில் தொட்டதில்லை. அவங்க உடம்பு எப்படி அதுக்குப் பழகும்? இனி அது மாறாதா?" திருச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பழகியது உடம்பு இல்லை, கிருமி. லேபில் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்தெடுத்து (அதுதான் கல்ச்சர்) தட்டில் பூசி, மருந்து ஊறிய காகித வில்லைகளை ஸ்டிக்கர் பொட்டு மாதிரி மேலே ஒட்டி, ஓர் இரவு விடுவார்கள். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழும். விளிம்பு வரை கிருமி படர்ந்து கிடந்தால் 'ஆர்', அதாவது ரெசிஸ்டன்ட்: மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமி.

கீமோ வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் அடிக்கும். வெள்ளணுக்களில் காவல் வேலை பார்க்கும் நியூட்ரோஃபில்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கிவிடலாம். குடலின் உள்தோலும் புண்ணாகும். அங்கே சும்மா குடியிருந்த கிளெப்சியெல்லா ரத்தத்துக்குள் கசிகிறது.

அதற்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தது யார்? பெரும்பாலும் பக்கத்துக் கிருமி. எதிர்ப்பு மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்னும் சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியா அதை நகலெடுத்து அடுத்ததற்குக் கொடுக்கும். ஈ.கோலை என்ற இன்னொரு குடல் பாக்டீரியா கிளெப்சியெல்லாவுக்குக் கொடுக்கும், ஜாதி பார்க்காது. தண்ணீரிலோ ஆஸ்பத்திரியிலோ தொற்றிய ஏதோ ஒன்று அம்மாவின் குடலில் இதைச் செய்திருக்கலாம்.

சரி, மருந்தை நிறுத்தினால்? பிளாஸ்மிட் ஒரு சுமை. அதை நகலெடுக்கவே சக்தி செலவாகும். எனவே அதைத் தொலைத்த பாக்டீரியாக்கள்தான் ஜெயிக்க வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த அயோக்கியத்தனம் வருகிறது.

ஈ.கோலையில் எஃப் என்றொரு பிளாஸ்மிட். அதில் அடுத்தடுத்து இரண்டு மரபணுக்கள். ஒன்று நஞ்சைச் செய்யும், மற்றது அதன் முறிவை. டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் கைரேஸ் நொதியை நஞ்சு கவ்விக்கொள்ளும். முறிவு அந்த நஞ்சைக் கட்டிவைக்கும். ஆனால் முறிவுக்கு ஆயுள் குறைவு, செல்லின் சொந்த நொதியே அதை வெட்டித் தின்றுகொண்டிருக்கும். பிளாஸ்மிட் இருக்கும்வரை புதிது வந்துகொண்டே இருப்பதால் பிரச்சினை இல்லை. செல் இரண்டாகப் பிரியும்போது ஒரு பிள்ளைக்குப் பிளாஸ்மிட் கிடைக்காமல் போனது என்று வையுங்கள். தாயிடமிருந்து வந்த நஞ்சும் முறிவும் அதனுள் இருக்கும், புதிதாக எதுவும் வராது. முறிவு முதலில் தீரும். நஞ்சு மிஞ்சும். கைரேஸ் சிக்கி, டிஎன்ஏ அறுந்து, பிள்ளை சாகும். காலி பண்ணச் சொன்னால் வீட்டையே இடிக்கும் வாடகைக்காரன்தான் இது! எதிர்ப்பு மரபணு சுமக்கும் பிளாஸ்மிட்கள் பலவற்றிலும் இப்படிப்பட்ட ஜோடிகள் உண்டு. அதனால் மாறாது என்று சொல்லவில்லை. மெதுவாகத்தான் மாறும்.

மெரோபெனத்தை உடைக்கும் என்டிஎம்-1 நொதி (பெயரிலுள்ள 'என்டி' நியூ டெல்லிதான்), டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய நோயாளியிடம் 2008-இல் அகப்பட்ட கிளெப்சியெல்லாவில் தெரியவந்தது. 2010-இல் வந்த ஆய்வு, சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகளில் அதைக் காட்டியது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். நாமோ பெயரில் டெல்லி ஏன் வந்தது என்று சண்டை போட்டோம். அந்தக் கோபத்தில் பாதியை மாவட்ட ஆஸ்பத்திரிகளின் கல்ச்சர் லேபுக்குப் பணம் கேட்பதில் காட்டியிருக்கலாம்.

திருச்சி வாசகருக்கு ஒன்று: அந்த ரிப்போர்ட்டை ஃபைலின் மேலேயே வையுங்கள். அடுத்த கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால், எமர்ஜென்சியில் முதலில் அதை நீட்டுங்கள். புதுக் கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மருந்தோ ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். எதை ஏற்றுவது என்று டாக்டர் முடிவு செய்ய, அப்போது கையில் இருப்பது அந்தப் பழைய காகிதம்தான்.