பூக்கும் நேரத்து மழை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண்மாயை நம்பி நெல் போட்டவர்களுக்கு மழை வேண்டும். ஆனால் கார்த்திகை, மார்கழியில், இலையுறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர் வெளியே வந்து பூக்கும் அந்த ஒரு வாரம் மட்டும் வேண்டாம்.

நெற்பூவுக்கு இதழ் கிடையாது. இரண்டு உமிகளுக்குள், அடியில் இரண்டு சின்னச் செதில்கள் இருக்கின்றன. காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் அவை நீரை உறிஞ்சி உப்பி, உமியை நெம்பித் திறக்கும். 6 மகரந்தத் தாள்கள் வெளியே நீண்டு தொங்கும். கதிரை லேசாகத் தட்டினால் வெளிறிய மஞ்சள் தூள் விரலில் ஒட்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொண்டுவிடும். உதிர்ந்த தூளுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். நல்லவேளை, பெரும்பாலும் அதே பூவின் சூல்முடியில், அதாவது தூளை வாங்கும் பெண்பாகத்தின் நுனியில், விழுந்தால் போதும், நெல்லுக்குத் தொலைதூரப் பயணம் தேவையில்லை.

மேக மூட்டமும் குளிரும் இருந்தால் பூ விரிவது தள்ளிப்போகும். விரிந்த பிறகு மழை அடித்தால் தூள் கழுவிப்போகும், இல்லையென்றால் வெடிக்கும். மகரந்தத்துக்குள் சர்க்கரை முதலியவை கரைந்த அடர்த்தியான நீர்மம். மழைநீரிலோ கரைந்தது எதுவும் இல்லாத குறை. அதனால் நீர் உள்ளே பாய்ந்து, உறை தாங்காமல் கிழியும். களத்தில் தூற்றும்போது பறக்கிற பதரில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். வெயிலும் சளைத்ததல்ல: பூக்கும் நேரத்தில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் பதர் கூடும்.

பல செடிகளில் மகரந்தப் பை திறப்பதே காய்ந்து உலர்வதால்தான். பையின் சுவர் உலரும்போது வெளிப்புறம் அதிகமாகச் சுருங்கி, பை பின்னோக்கி மடிந்து பிளக்கும். காற்று ஈரமாக இருந்தால் திறக்கத் தாமதமாகும். மழை ஓய்ந்து செம்மண் காய்ந்தபின் பாளை விடும் பனைக்கு இந்த வறட்சி தோதானது. ஆண்பனைத் தூள் காற்றிலும் பூச்சியிலும் பெண்பனைக்குப் போனால்தான் நுங்கு. 'காய்க்காத மரம்' என்று ஆண்பனையைச் சூளைக்கு வெட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

வெடித்த மகரந்தம் மனிதரையும் பாதிக்கும். முழுத் தூள் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். சிதறிய துணுக்குகள் நுரையீரல்வரை போகும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழைக்கு முன்வந்த காற்று புல் மகரந்தத் துணுக்குகளைக் கிளப்ப, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். நம்மூர் சீமைக்கருவேல மகரந்தமும் ஒவ்வாமை தரக்கூடியது. இழுப்பு உள்ளவர்கள் இடிமழை திரளும்போது கதவைச் சாத்தி உள்ளறையில் இருப்பது நல்லது. வானம் பார்த்த வளவு (நடுமுற்றம்) உள்ள வீட்டில் வாசல் கதவை மட்டும் சாத்திப் பயனில்லை.